இன்றும் உங்களை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்

அத்தை,

உங்கள் பழைய கைப்பேசி சற்றுமுன் என் தலையணைக்கடியில் அதிர்ந்தது. உங்கள் கட்டுரையை யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல். நீங்கள் இறந்துபோன பிறகு அந்தக் கணக்கை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்தச் செய்தி வந்தால் எப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். இன்று பயமாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து நீங்கள் குருபோங்கில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை என்னிடம்தான் கொடுப்பீர்கள். "பாரும்மா, இன்னிக்கு எந்த ஊர்க்காரன் நம்மளத் தூக்கி வச்சிருக்கான்?" நான் படிப்பேன். பெரு, கென்யா, ஒருமுறை வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊர். சமையலறையிலிருந்து அம்மா, "உலகமே படிக்குதாம். இங்க கறிக்கு உப்பு பாக்க ஆள் இல்ல லா," என்பார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். நம் வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. நானும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் வீட்டார் ஏன் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரை. அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் நீங்கள் வீடு வீடாகப் போனபோது ஒருநாள் நானும் வந்தேன். கால் வீங்கியதா என்று நீங்கள் கேட்கவில்லை. கால் எல்லாருக்கும் வீங்கும் என்பீர்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வளைகாப்பு வளையலைத் தொட்டு, "இது எப்போலேர்ந்து சுத்த மாட்டேங்குது?" என்றீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் இன்னொரு கேள்வி. "காலையில பாத்துக்கலாம்னு மொதல்ல சொன்னது யாரு?" ஒரு வீட்டில் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது காரில்தான் சொன்னீர்கள். அப்பாவைப் பெற்ற அன்று உங்கள் அம்மாவும் தலைவலி என்றுதான் சொன்னாராம். விடியட்டும் என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லாரும் படுத்தார்கள். விடிந்தபோது அப்பா இருந்தார், உங்கள் அம்மா இல்லை.

அக்காவுக்கு இப்போது எட்டாம் மாதம். போன மாதம் வளைகாப்பு நடந்தது. பிள்ளை பெறாமல் போனவள் படம் மாசமாக இருக்கிறவள் கண்ணில் படக்கூடாது என்று யாரோ சொல்ல, அம்மா உங்கள் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். இந்த வாரம் வருகிறவர்கள் எல்லாம் அக்காவின் கன்னத்தைப் பார்த்து, "பூரிச்சுப் போய் நிக்கிறா," என்கிறார்கள். மாலையில் அவள் கையைப் பிடித்தேன். கண்ணாடி வளையல்கள் சதையில் பதிந்து கிடந்தன. தலை பிளக்கிறது என்றாள். அம்மாவிடம் ஓடினேன்.

"வளையல் புடிச்சிக்கிச்சுன்னா நல்லதுதான். கை நெறஞ்சிருக்கு."

"அத்தை சொன்னாங்கம்மா..."

"உங்கத்தை பெத்தாளா? இந்த நேரத்துல அந்தப் பேர எடுக்காத. அமாவாசை ராத்திரி பிள்ளத்தாச்சிய வெளிய இழுத்துட்டுப் போகணுமா? காலையில பாத்துக்கலாம். போய்ப் படு."

அம்மா கெட்டவர் இல்லை, அத்தை. அக்காவின் நெற்றியில் தைலம் தேய்த்தபடியேதான் தூங்கிப்போனார். அக்கா வீட்டுக்காரர் மாமாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அப்பா லாரியோடு ஜொகூரில் இருக்கிறார். யாரைக் கூப்பிட்டாலும், "அம்மா என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

அதனால்தான் அக்கா பக்கத்தில் படுத்து, போர்வைக்குள் உங்கள் கைப்பேசியில் உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கே இதைத் தட்டுகிறேன். ஆம்புலன்ஸ் வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? தெருவே வாசலில் நிற்கும். அம்மா என்னை மன்னிக்கவே மாட்டார். தோட்டத்தில் ஒரு கணவரும் உங்களிடம் இதையே கேட்டார். "ஒண்ணுமில்லன்னா நல்லதுதானே. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வாங்க," என்றீர்கள்.

இப்போது அக்கா பேசினாள்.

"அந்த லைட்ட அணைடி. கண்ணுக்குள்ள மின்னுது."

விளக்கு எதுவும் எரியவில்லை, அத்தை. இந்த வெளிச்சமும் போர்வைக்குள்தான் இருக்கிறது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.

கையைத் தொட்டுப் பார்த்தேன். வளையல் அசையவில்லை.

நீங்கள் எழுதியதை எந்தெந்த ஊரிலோ எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த வீட்டில் நான்தான் காட்ட வேண்டும். என்னிடம் அந்தக் கட்டுரை இல்லை, உங்கள் இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. நாளை யாராவது வந்து இரண்டாவது கேள்வியைக் கேட்டால், எழுந்து உள்ளே போகிறவளாக நான் இருக்க மாட்டேன்.

இதை இங்கே நிறுத்துகிறேன், அத்தை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கும் என்னிடம் இந்தக் கைப்பேசிதான் இருக்கிறது.