அஞ்சறைப்பெட்டியில் வேதியியல்

என் பெஞ்சுக்காரியே,

இன்று மதியம் உன் மகள் வந்திருந்தாள். துணிப்பையிலிருந்து உங்கள் வீட்டுப் பழைய அஞ்சறைப்பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். மர மூடியைத் தள்ளியதுதான் தாமதம், பெருங்காயமும் மஞ்சளும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் போகவில்லை பார்.

"அம்மைக்க அலமாரில இருந்துச்சு ஆன்டி. தொறந்தா மசாலா இல்ல, முழுக்க அட்டை. ஆன்டிக்குத்தான் அறியும்னு அப்பா சொன்னாரு" என்றாள். பெட்டியைக் கொடுக்க மட்டும் அவள் வரவில்லை. ப்ளஸ் டூ அரையாண்டில் கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டதாம். எவ்வளவு மார்க் என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். அப்படித் தரையைப் பார்த்து நின்றவள்தானே நானும்.

நான் நின்றது டீச்சரின் மேசைக்கு முன்னால். நம்முடைய ப்ளஸ் டூ அரையாண்டில் எனக்குக் கெமிஸ்ட்ரியில் பத்தொன்பது, பயாலஜியில் முப்பத்தொன்று. "நர்ஸிங்கொக்கெ பின்னெ. ஆத்யம் பாஸாவான் நோக்கு" என்று டீச்சர் விடைத்தாளை நீட்டினார். நர்ஸிங் எல்லாம் அப்புறம், முதலில் பாஸாகும் வழியைப் பார் என்று அர்த்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மார்க்கைப் பார்த்துத்தான் நர்ஸிங் சீட் கொடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால் எனக்குப் போனக்காட்டு எஸ்டேட் லயத்து வீடும் அம்மாவைப் போல ஒரு தேயிலைக் கூடையும்தான். ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்ட அன்றே அம்மா சொல்லியிருந்தாள்: "கொழுந்து பறிக்கிறதுக்கு நான் ஒருத்தி போதும். நீ மேல ஏறி வராத."

இத்தனைக்கும் நான் படிக்காதவள் இல்லை. ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை சத்தம்போட்டு வாசிப்பேன். முக்கியமான வரிக்கு அடியில் ரோஸ் பேனாவால் கோடு போடுவேன். எனக்கு எல்லா வரியும் முக்கியமாகத்தான் பட்டது. புத்தகம் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவில் உங்கள் பலசரக்குக் கடைக்கு மேல் இருந்த வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது ஹோலியா?" என்று சிரித்தாய். பிறகு அதை மூடி உன் மடியில் வைத்துக்கொண்டு, "ஆல்டிஹைடையும் கீட்டோனையும் எப்படிப் பிரிச்சு அறிவ? சொல்லு" என்றாய். நான் கண்ணை மூடிப் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"நடுவுலேர்ந்து கேட்டா நடுவுலேர்ந்து சொல்லணும். நீ என்ன கேசட்டா? ரீவைண்ட் பண்ணாத்தான் பாடுவியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே நீ எழுந்து என்னைக் கீழே கடைக்கு அழைத்துப்போனாய். உன் அப்பா ஒவ்வொரு சாக்குக்குள்ளும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி வண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா? நல்ல சாக்க அப்பா வாரத்துக்கு ஒருக்கத்தான் பாப்பாரு. சந்தேகச் சாக்க தெனமும் கைவிட்டுப் பாப்பாரு. நீ எல்லாச் சாக்கயும் தெனமும் வெளியேர்ந்து தடவிக் குடுக்க. உள்ள கையே விடல்ல, கேட்டியா?"

அன்று சாயங்காலமே உன் அம்மாவின் அஞ்சறைப்பெட்டி பறிபோனது. கடுகும் சீரகமும் ஊறுகாய் பாட்டிலுக்குக் குடிபெயர்ந்தன. அம்மா திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. சோப்பு வந்த அட்டைப்பெட்டிகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினோம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். முதல் அறையில் இருப்பதைத் தினமும் எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பார்க்காமல் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அறை தள்ளத் தள்ள இடைவெளி கூடும், ஐந்தாம் அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் எந்த அறையிலிருந்து எடுத்துத் தப்பாகச் சொன்னாலும் அட்டை மறுபடி முதல் அறைக்கே வரவேண்டும். கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் கலந்தே கிடக்க வேண்டும் என்பது உன் கட்டளை. பரீட்சையில் அடுத்த கேள்வி எது என்று சொல்லிவிட்டா கேட்பார்கள் என்றாய்.

உனக்கு வேறு பெட்டி வைத்துக்கொண்டு இதை என்னிடம் ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்பினாய். அங்கேதான் நான் திருட்டுத்தனம் செய்தேன். முதல் அறை நிரம்பி வழிவதைப் பார்க்கப் பார்க்க அவமானமாக இருந்தது. பதிலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, 'இது தெரிந்ததுதானே' என்று அடுத்த அறைக்குத் தள்ளினேன். மூன்றே வாரத்தில் ஐந்தாம் அறை நிறைந்துவிட்டது. ஜம்பமாக உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நீ ஐந்தாம் அறையிலிருந்து பத்து அட்டை உருவிக் கேட்டாய். ஒன்றுதான் சரி. திட்டுவாய் என்று பார்த்தேன். நீ பெட்டியைக் கவிழ்த்து அத்தனையையும் முதல் அறையில் அடைத்தாய். இடம் போதாமல் அட்டைகள் தரையில் சிதறின.

"வண்டு விழுந்த சாக்க பின்னால ஒளிச்சு வச்சா கட முழுக்க வண்டாவும்ட்டி" என்றாய். சிரிக்காமல் சொன்னாய். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். உன் முகத்திலேயே இனி முழிக்கக்கூடாது என்றுகூட நினைத்தேன். பஸ் வருவதற்குள் நீ மூச்சுவாங்க வந்து பக்கத்தில் நின்றாய். உன் பெட்டியைத் திறந்து காட்டினாய். அதிலும் முதல் அறையில் அட்டை பிதுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும் இவ்வளவு வண்டு உண்டு. வா, சேர்ந்து பொறுக்கலாம்."

அந்த பஸ்ஸை விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனங்களில் அதற்கே முதலிடம்.

அதற்குப் பிறகு நீ வைத்தது இன்னொரு சட்டம். அட்டையில் எழுதியதைப் படிக்காத ஆளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஆள் யார்? உங்கள் கடையில் மூட்டை இறக்கும் சுமட்டுக்கார அண்ணாச்சி. அவர் டீ குடிக்க உட்காரும் நேரத்தில் நான் சிறுநீரகத்தை விளக்குவேன். வடிகட்டி வெளியே போகிற சர்க்கரை முழுவதையும் குழாய் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ என்றெ வீட்டுக்காரிக்கு மூத்திரத்துல பஞ்சார எங்ஙன வருது மோளே?"

அவர் பாஷையில் பஞ்சார என்றால் சர்க்கரை. நாலு தடவை சத்தம்போட்டு வாசித்த பாடம். அந்தக் கேள்வி என் தலையில் ஒருநாளும் உதித்ததில்லை. இருவரும் மாடிக்கு ஓடிப் புத்தகத்தில் தேடிப்பிடித்துத் திரும்பி வந்தோம். நீதான் அவருக்குச் சொன்னாய்: "உள்ள எடுக்குத ஆளு பத்து பேருதான் அண்ணாச்சி. லாரி ரெண்டு சேர்ந்து வந்தா? எடுக்க முடியாத மூட்டை ரோட்டுலதான கெடக்கும். ரத்தத்துல சர்க்கரை ரொம்பக் கூடினா அப்படித்தான்." அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அது நியாயம்." நான் உடனே ஓர் அட்டை எழுதினேன். அவசரத்தில் மஞ்சள்தூள் ஒட்டிய கை பட்டு மூலையில் கறையானது.

மார்ச்சில் பயாலஜி கேள்வித்தாளைத் திருப்பினால் கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி! நீரிழிவு உள்ளவருக்குச் சிறுநீரில் சர்க்கரை ஏன் தோன்றுகிறது, விளக்குக. மஞ்சள் கறையும் அண்ணாச்சியின் டீ கிளாஸும் கண்முன் வந்தன. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நீ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். ஹாலுக்குள் சிரிக்கக்கூடாது என்பதற்காக நான் பேனாவைக் கடித்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த அன்று சாலைத் தெருவில் நாம் ஓடிய ஓட்டம்! எனக்குப் பயாலஜியில் தொண்ணூற்றொன்று, கெமிஸ்ட்ரியில் எண்பத்தாறு. உனக்குக் கெமிஸ்ட்ரியில் என்னைவிட ஐந்து கூட, அதை நீ சாகும்வரை சொல்லிக்காட்டினாய். அண்ணாச்சி மூட்டையை முதுகில் வைத்தபடியே, "பஞ்சார கேள்வி வந்நோ?" என்று கத்தினார். வந்தது என்று நாம் திருப்பிக் கத்தியதில் அரிசிக்கடை, இரும்புக்கடை எல்லாம் எட்டிப் பார்த்தன. உன் அப்பா தெருவில் போனவர் வந்தவருக்கெல்லாம் வெல்லம் கொடுத்தார். என்ன மந்திரம் செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது நீ, "அஞ்சறைப்பெட்டி டீச்சர்" என்றாய். அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

எனக்குச் சீட் கிடைத்தது. பெட்டியை அட்டைகளோடு உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லத்தான் மேலே ஏறிப்போனேன். கூடைக்கு அல்ல.

நீ கெமிஸ்ட்ரி டிகிரியை முடித்துக்கொண்டு வந்து அதே கடையில் உட்கார்ந்து ஜம்மென்று ஆண்டாய். நான் நர்ஸாகி, இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மருந்தின் அளவை அவர்கள் பட்டியலாக ஒப்பிக்கும்போது நோட்டை மூடிவிட்டு நடுவிலிருந்து கேட்பேன். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

நாலே நாள் காய்ச்சலில் நீ போய் எட்டு மாதமாகிறது. நீ இல்லை என்கிற அந்த அட்டை மட்டும் எனக்கு இன்னும் முதல் அறையை விட்டு நகரவில்லை. சனிக்கிழமையானால் கை தானாக உன் நம்பரைத் தேடுகிறது. தினமும் எடுக்கிறேன், தினமும் தப்பாகத்தான் சொல்கிறேன்.

இன்று உன் மகளின் புத்தகத்தை வாங்கி மூடி என் மடியில் வைத்துக்கொண்டேன். நடுவிலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். அவள் கண்ணை மூடிப் பாடத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். எனக்கு வந்த சிரிப்பில் கண்ணெல்லாம் நீர். அவள் பயந்துபோனாள். புது அட்டை வெட்டினோம், பெட்டியின் சட்டத்தைச் சொன்னேன். சாயங்காலம் கிளம்பும் முன் பத்து அட்டை கேட்டேன். எட்டுச் சரி. நான் வாயைத் திறக்கும் முன்பே மீதி இரண்டையும் அவளே எடுத்து முதல் அறையில் போட்டாள்.

"ரெண்டு வண்டு ஆன்டி" என்றாள். "ஒளிச்சு வச்சா கட முழுக்க வண்டாவும்னு அம்மை எப்பவும் சொல்லும்."

அடுத்த சனிக்கிழமையும் வருகிறாள்.