சிவப்புப் பலகைக்கு எதிரே ஒரு சாமந்தி

அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த மொட்டுகள் தாமாக வரவில்லை. குளியலறைக் கறுப்புப் பக்கெட்டை வாரக்கணக்கில் நான் செடியின்மேல் கவிழ்த்து வைத்ததால் வந்தவை.

இன்று மாலை துணி எடுக்கப் பால்கனிக்குப் போனபோது சாமந்தி இலை ஒன்று கையில் கசங்கியது. கழுவியும் அந்தக் கசப்பு வாசனை விரலைவிட்டுப் போகவில்லை. எதிரே பிரியாணிக் கடையின் சிவப்பு விளக்குப் பலகை எரியத் தொடங்கியிருந்தது. தரை, கொடியில் கிடந்த துணி, என் கை, எல்லாம் சிவப்பு. உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புற்றுநோயோடு நீ கோவில்பதாகையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த நாளில் இரண்டு துணிப்பைகளோடு இந்தச் சாமந்தித் தொட்டியையும் கொண்டுவந்தாய். நசரத்பேட்டையில் அம்மா, அண்ணன், சித்தப்பா குடும்பம் என்று அத்தனை பேர் இருக்க இங்கே ஏன் என்று கேட்டேன். "எங்க ஊட்ல எல்லாரும் என்னை இப்பவே போட்டோவா பாக்குறாங்கடி. நீன்னா ஒழுங்கா திட்டுவே" என்றாய். அம்பத்தூர் அலுவலகத்தில் வருடக்கணக்காகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளைத் திட்டாமல் எப்படி இருப்பது?

தொட்டியைப் பால்கனிக் கம்பியோரம் வைத்தாய். தெருவைப் பார்க்க நீ உட்காரும் இடம் அது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தும் செடி பூக்கவில்லை. இலைமேல் இலையாக விட்டு ஒல்லியாக உயர்ந்துகொண்டே போனது. அதற்கும் பிரியாணி வாசம் பிடித்துப்போய்ப் பூக்க மறந்துவிட்டது என்று முதலில் சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. முதல் சுற்று மருந்து உன்னைப் பிழிந்து போட்டிருந்தது. இரண்டாம் சுற்றுக்கு மருத்துவர் சொன்ன நாளில் நீ போகவில்லை. தள்ளிக் கொடுத்த நாளிலும் போகவில்லை. ஒரு காலை, செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"இது பூத்துச்சின்னா நான் பொழைச்சிக்குவேன். பூக்கலன்னா எதுக்குடி சும்மா ஊசி குத்திக்கினு?"

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து, எழுந்ததும் உன் முதல் பேச்சு "மொட்டு வுட்டுச்சா பாரு" என்பதுதான்.

எனக்குத் தெரிந்தது படிப்பது ஒன்றே. படித்தேன். நீல வெளிச்சம் செடியைக் குட்டையாக, கெட்டியாக வளர்க்குமாம். சிவப்பு மட்டும் பட்டால் நெடுநெடுவென்று போகுமாம். சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கிறது. இரவில் கொஞ்சம் சிவப்பு வெளிச்சம் பட்டாலும் அதற்கு இரவு வந்ததே தெரியாது. இன்னும் பொழுதிருக்கிறது என்று எண்ணி இலை விட்டுக்கொண்டே இருக்கும். படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே அந்தப் பலகை. கடை மூடினாலும் விடியும்வரை அதை அணைப்பதில்லை.

தொட்டியை உள்ளே எடுத்து வைத்திருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாய். காரணம் சொன்னால் அது வெறும் செடியாகிவிடும். வெறும் செடிக்காக நீ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாய். அதனால் பொழுது சாய்ந்து நீ உள்ளே படுத்ததும், தண்டுகளை மெல்ல வளைத்துப் பக்கெட்டைக் கவிழ்த்தேன். நீ எழும் முன் எடுத்தேன். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, "பக்கெட்ல இன்னாடி இவ்ளோ மண்ணு, எருமையா குளிச்சிது?" என்றாய். நான்தான் குளித்தேன் என்றேன். "அதான் கேட்டேன்" என்றாய்.

மார்கழியில் மொட்டு வந்தது. பட்டாணி அளவில், பச்சையாக, நான்கைந்து. நீதான் முதலில் பார்த்தாய். என்னைக் கூப்பிட்டு, தொடாமல் பார்க்கச் சொன்னாய். அண்ணனுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொண்டுவரச் சொன்னாய். துணி மடிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாய். நான் உன் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இரண்டாம் சுற்று ஊசி போடாமலே இருந்திருந்தால் இந்தக் கம்பியோரம் இன்னும் சில வாரங்கள் உட்கார்ந்திருப்பாயோ? மருத்துவரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். குற்றம் என்று தெரிந்திருந்தால் சுமக்கப் பழகியிருப்பேன். என்னவென்றே தெரியாத ஒன்றைச் சுமந்துகொண்டு தினமும் அம்பத்தூருக்குப் போய் வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. தை பிறந்த பிறகு உன் அம்மா உன் துணிகளை எடுத்துப்போக வந்தார். பால்கனியில் மொட்டுகள் அத்தனையும் விரிந்து மஞ்சளாக நின்றன. பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பூத்துக்கீதே கண்ணு," என்றார். "பூத்தா பொழைச்சிக்குவேன்னு எங்கிட்டயும் சொன்னாளே."

அவர் கீழே வைத்த பையில் உன் துணிகளை அடுக்கத் தொடங்கினேன்.

அவர் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. பூக்கள் செடியிலேயே காய்ந்தன. பக்கெட்டைக் கழுவிக் குளியலறையில் வைத்துவிட்டேன். செடி கம்பியைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இந்தக் கார்த்திகையில் அது பூக்கவில்லை.