கரையில் பிடித்த நூல்

பாய்,

இன்றைக்குக் காலையில் பேரன் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆடியது. தட்டில் சாம்பார் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்தது. பேரன் எழுந்து ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து மடித்து மேசைக் காலுக்கடியில் கொடுத்தான். அப்போதும் ஆடியது. இன்னொரு மடிப்பு கொடுத்தான். எதிர்ப்பக்கம் ஆடியது. "இருடா" என்று சொல்லி என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த சிகரெட் டப்பாத் தகட்டை எடுத்தேன். எடுத்தேனே தவிர, கொடுக்க மனசு வரவில்லை. திரும்பவும் உள்ளேயே போட்டு மூடிவிட்டேன். மேசை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தகடு நீங்கள் வெட்டியது. கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சமஸ்தானத்து ராஜா ஆட்சி போய் நாலைந்து வருஷம் இருக்கும். திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவர், இலங்கையை விட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவரிடம் உல்லாச மோட்டார்ப் படகு ஒன்றை வாங்கி, தோணியில் கட்டி இழுத்துக் கோட்டைப்பட்டினம் கரைக்குக் கொண்டுவந்தார். அறுபதடி நீளம். முழுக்கத் தேக்கு. உள்ளே படுக்க அறை, கண்ணாடி ஜன்னல், துரை முகம் பார்த்த ஆளுயரக் கண்ணாடி. சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். படகுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறதாம் என்பதுதான் ஊரில் பெரிய பேச்சு. கடலே சுற்றிலும் இருக்கும்போது அது எதற்கென்று மீன் விற்கிற பொம்பளைகள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

பார்க்கத்தான் அழகு. அடிப்பலகையில் பாதி உளுத்திருந்தது. பழைய இன்ஜின் துருவேறிக் கட்டி தட்டிப் போயிருந்தது. அதைக் கழற்றிப் புது டீசல் இன்ஜின் போட வேண்டும், அறையை அகலப்படுத்தி ஜன்னலைத் தாழ இறக்க வேண்டும் என்றார் செட்டியார். அவருடைய ஆத்தாவுக்கு இடுப்பு விழுந்து போயிருந்தது. படுத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு ராமேஸ்வரம் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதருக்கு ஆசை. மர வேலைக்கு என்னைப் பிடித்தார்கள். நான் அந்தக் கரைக்கு ஓடாவி. தோணி கட்டுவது, பலகை மாற்றுவது எல்லாம் என் கை. இன்ஜினுக்குத் திருமயம் பஸ் ஷெட்டில் முன்பு வேலை பார்த்த உங்களைக் கூட்டிவந்தார்கள்.

வந்து இறங்கிய அன்றே ஒன்று சொன்னீர்கள். இன்ஜின் உட்காரும் கட்டைகளை இலுப்பை மரத்தில் இழைத்து வைத்திருந்தேன். ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று, "ஓடாவி, கண்ணைத் திறந்துக்கங்க. இது தோணி இல்ல, மெசின். நூலுக்குத்தான் அடங்கும், கண்ணுக்கு அடங்காது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் விளையாட்டாகச் சொன்னதுதான். பீடி எடுத்து நீட்டிக்கொண்டேதான் சொன்னீர்கள். நான் பீடியை வாங்கிக்கொண்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம். மேல்தளத்தைப் பிரித்து, பனைமரத்தில் முக்காலி நட்டு, சங்கிலி போட்டுப் பழைய இன்ஜினைத் தூக்கினோம். நான் பலகை மாற்றி, சந்துகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினேன். மத்தியானம் உங்கள் தூக்குச்சட்டியில் பாதி எனக்கு, என் மீன் குழம்பில் பாதி உங்களுக்கு. அப்போதுதான் உங்கள் வீட்டுக் கதையைச் சொன்னீர்கள். பஸ் ஷெட்டில் முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டு நின்றுவிட்டதையும், இரண்டு வருஷமாகச் சம்சாரமும் பெண்பிள்ளையும் குளத்தூரில் மச்சான் வீட்டில் கிடப்பதையும் சொன்னீர்கள். படகு நல்லபடியாக ஓடினால் அதற்கு நீங்களே டிரைவர், குடியிருக்க வீடும் தருவதாகச் செட்டியார் சொல்லியிருந்தார். வெள்ளோட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டேன் என்றீர்கள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னீர்கள்.

இது எல்லாம் தெரிந்துதான் நான் அதைச் செய்தேன் பாய்.

இன்ஜினை உட்கார வைத்து, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் ஷாப்டோடு சேர்க்கிற வேலையை மூன்று நாள் பார்த்தீர்கள். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, ஒரு மயிரிழை விலகாமல் சேர்த்தீர்கள். இன்ஜின் வாயும் ஷாப்டு வாயும் ஒட்டுகிற இடத்தில் வெற்றிலை நரம்பைக்கூட நுழைக்க முடியவில்லை. கரையிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். எட்டு போல்ட்டையும் இறுக்கி, மேலே பெயின்டும் அடித்தாயிற்று. அரிசி மில்லுக்கும் பஸ்ஸுக்கும் அது சரி. தரையில் நிற்கிற மெசின் நின்ற இடத்தில் நிற்கும்.

படகு அப்படி இல்லையே. கரையில் கட்டைமேல் இருக்கும்போது அதன் கனமெல்லாம் கட்டை இருக்கிற இடத்தில்தான். தண்ணீரில் இறங்கினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஏந்திக்கொள்ளும். உடம்பு ஒரு நூல் நிமிரும், ஒரு நூல் நெளியும். பலகை ஊறிப் பருக்கும். கரையில் பிடித்த மட்டம் தண்ணீரில் நிற்காது. என் அப்பன் தோணிக்குச் சுக்கான் மாட்டுவதே தோணி மிதந்த பிறகுதான். எந்த ஓடாவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். நீங்கள் கேட்கவும் செய்தீர்கள். "எப்படி ஓடாவி, ஒங்க கண்ணுக்குச் சரியா இருக்கா?" என்றீர்கள்.

அந்தக் 'கண்ணுக்கு' என்ற வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய ஆள் படகாக இருந்தாலும் ஓடாவி சொல்லாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். படகுக்காரர் மூன்று தடவை "இறக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மூன்று தடவையும் அவன் "இறக்கலாம்" என்று சொன்னால்தான் தேங்காய் உடையும். அன்றைக்குக் காலையில் செட்டியார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டார். முதல் தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது உங்களைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் சொருகிய அத்தர்ப் பஞ்சோடு நின்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இறக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

படகு இறங்கிய அழகைப் பார்த்து ஊரே கைதட்டியது. செட்டியாருடைய ஆத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். இன்ஜினைக் கிளப்பினீர்கள். நன்றாகத்தான் கிளம்பியது. கியரைப் போட்டதும் பிடித்தது நடுக்கம். ஆளுயரக் கண்ணாடி கீறிப்போனது. ஆத்தா தலைமாட்டில் இருந்த செம்பு உருண்டு, அது பின்னாலேயே வெற்றிலைத் தட்டும் உருண்டது. அந்தம்மா சத்தம் போடவில்லை. "ஏப்பா, இது நம்ம குதிரை வண்டி மாதிரியே இல்ல இருக்கு, இதுக்கா இத்தன பாடு" என்றார்களாம். பின்பக்கம் ஷாப்டு சூடேறிப் புகை வந்தது. நிறுத்திவிட்டீர்கள். துடுப்புப் போட்டுத்தான் கரைக்குக் கொண்டுவந்தோம்.

செட்டியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெட்ராஸில் இருந்து கம்பெனி ஆளை வரவழைக்கத் தந்தி கொடுக்கச் சொன்னார். யார் தப்பு என்று அவருடைய ஏஜெண்டு கேட்டார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, "ஓடாவி வேலையில ஒரு குத்தம் இல்லிங்க. எல்லாம் என் தப்பு" என்றீர்கள். நான் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டினேன். சுருட்டியதையே பிரித்துத் திரும்பவும் சுருட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் வந்தேன். இன்ஜின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். முந்தின நாள் போட்ட புதுச் சட்டை கறுத்துப் போயிருந்தது. மேலே உங்கள் டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. "போல்ட்டு எல்லாத்தையும் தளத்துங்க பாய். படகு மிதக்கும்போதே மட்டம் பாருங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தீர்கள். "எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"விடியக்காலந்தான் தோணுச்சு."

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஸ்பானரைக் கேட்டுக் கை நீட்டினீர்கள்.

இரண்டு நாள் அந்தப் பள்ளத்துக்குள் கிடந்தோம். இன்ஜின் காலுக்கடியில் கொடுக்கத் தகடு வேண்டும். செட்டியார் வீசியிருந்த சிகரெட் டப்பாக்களைப் பொறுக்கி வெட்டினீர்கள். ஒன்று கொடுத்தால் குறையும், இரண்டு கொடுத்தால் கூடும். வெட்டி, கொடுத்து, எடுத்து, இறுக்கி, கடைசியில் இன்ஜின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டினீர்கள். தண்ணீர் அலுங்கவில்லை. மீந்த ஒரு தகட்டை என் கையில் வைத்து, "வச்சுக்கங்க, ஒங்க கண்ணுக்குக் கூலி" என்று சிரித்தீர்கள்.

கம்பெனி ஆள் வந்தார். தொட்டுப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், செய்ய வேலையில்லை என்றார். ஆனால் டிரைவர் வேலையை அவருக்குத் தருவதாகத் தந்தியிலேயே சொல்லியாகிவிட்டது. சொன்ன சொல்லை மாற்றச் செட்டியாரால் முடியவில்லை. உங்களைக் கூப்பிட்டு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை உங்கள் சம்சாரம் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியில் அம்மிக்கல்கூட இருந்தது. பெண்பிள்ளை இறங்கியதும் "நம்ம கப்பல் எங்க, அத்தா?" என்று உங்களைக் கேட்டது. நீங்கள் கடல் பக்கம் கையைக் காட்டினீர்கள். ஆத்தாவை ஏற்றிக்கொண்டு படகு அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நடுக்கம் இல்லை. அதைச் சொல்லித்தான் பிள்ளையிடம் பெருமைப்பட்டீர்கள், "பாரு, எப்படிப் போகுது பாரு" என்று.

என் மரக்கொட்டகையில் பாதியை அன்றைக்கே தடுத்துக் கொடுத்தேன். நல்ல மனசு என்று ஊரில் சொன்னார்கள். உங்கள் சம்சாரமும் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன்.

அந்த வெள்ளைக்காரன் படகு கொஞ்ச காலத்தில் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அறுபதுகளில் எங்கள் கரைக்கு மோட்டார் வைத்த மீன் படகுகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் வைத்தது நீங்கள்தான். கடைசி போல்ட்டை இறுக்குவதற்கு முன் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவீர்கள். எனக்கு மூட்டு வலி வந்து நடக்க முடியாதபோது ரிக்‌ஷா அனுப்பினீர்கள். படகு மிதந்துகொண்டிருக்கும். நான் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். "எப்படி ஓடாவி?" என்பீர்கள். மாற்றிச் சொன்னதே இல்லை பாய், அதற்குப் பிறகு. சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொன்னேன். நீங்கள் அத்தனையும் பிரித்து மறுபடி வைத்தீர்கள்.

கடைசியாக நீங்கள் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். பேச்சு குளறிப் போயிருந்தது. எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். "பாய், அந்தச் செட்டியார் படகு" என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"மச்சான், கரையில வச்சே ஒனக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றீர்கள். அதுவரை ஓடாவி என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். மூச்சு வாங்கிவிட்டு, "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டுருக்க மாட்டேன்" என்றீர்கள்.

அதைக் கேட்டு மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். நீங்கள் போன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு விடியலில் போல்ட்டைத் தளர்த்தச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் ஸ்பானருக்குக் கை நீட்டியவர் நீங்கள். முப்பது வருஷம் என்னைக் கேட்காமல் ஒரு போல்ட்டை இறுக்காதவர் நீங்கள். கரையிலேயே சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று நான் உங்களிடம் சொன்னேன். கேட்டிருக்க மாட்டேன் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். என் கையில் இருப்பது இந்தத் தகடு ஒன்றுதான். இதை மேசைக்காலுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.