தகரப் பெட்டிப் படிகங்கள்

தாஷ்கந்த், பிப்ரவரி 12

அன்பு மவ்லூதா,

நீ சினந்து சென்று ஈராண்டாயிற்று. ஆயினும் இங்கு நான் வளர்க்கும் படிகங்களை அங்கு ஆய்வகத்தில் நீதான் அளக்கிறாய்; அதுவே என் ஆறுதல். இன்று அனுப்பியவற்றில் டாண்டலமும் செலீனியமும் அடுக்கடுக்காய் அணிவகுத்துள்ளன. ஓரணுவும் இடம் பிறழவில்லை. நவ்ரூஸ் புத்தாண்டுக்காவது வீடு திரும்புவாயா?

உன் கணவன்
ரவ்ஷன்

அல்மாட்டி, பிப்ரவரி 20

மதிப்பிற்குரியவருக்கு,

நலம். சம்சாவின் மடிப்புக் கோணினால் உங்கள் முகம் கோணும். நவ்ரூஸுக்குக் கிண்டும் சுமலக் கூழ் அடிப்பிடிக்காதிருக்க அண்டாவில் இடும் கற்களைக்கூட ஒரே அளவாய்ப் பொறுக்குவீர்கள். குறையற்றதற்கே இடமுள்ள வீட்டில் நான் எங்கே அமர்வேன்? படிகம் வந்தது. அளந்து எழுதுகிறேன்.

மவ்லூதா

தாஷ்கந்த், பிப்ரவரி 24

மவ்லூதா,

அளக்காதே. பெட்டி மாறிவிட்டது. நல்லவை இங்கேயே இருக்கின்றன. உன்னிடம் வந்தவை நான் கழித்துத் தேயிலைத் தகரப் பெட்டியில் போட்டவை. சரியாய்க் கழுவாத குழாயில் ஒட்டியிருந்த கந்தகம், செலீனியத்தின் இருக்கைகளில் கண்டபடி ஏறி அமர்ந்துவிட்டது. எறிந்துவிடு. நாணுகிறேன்.

ரவ்ஷன்

அல்மாட்டி, மார்ச் 3

அன்புள்ள ரவ்ஷன்,

பிந்திவிட்டீர்கள், அளந்துவிட்டேன். நீர்ம ஹீலியத்தின் குளிரில் மின்தடை முற்றும் மறைந்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் ஸெரிக் நம்பவில்லை.

"ஏம்மா, கம்பிய மாத்திக் கோத்துட்டியா?"

"மூணு தரம் பாத்துட்டேன் ஐயா. முள்ளு பூஜ்யத்துலயே படுத்துக் கெடக்கு."

"உன் வீட்டுக்காரரு குப்பையில இன்னும் என்னல்லாம் வெச்சிருக்காராம்?"

கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். உங்கள் மாசற்ற படிகத்தில் மின்னணுக்கள் வரிசை கட்டி நின்றுவிடுகின்றன. இங்கோ கந்தகம் அவ்வரிசையைக் கலைத்தது. கலைந்தவை இணை சேர்ந்தன. இணைந்தவை தடையின்றிப் பாய்ந்தன. அண்டாவில் கல் செய்யும் வேலையன்றோ இது? அங்குள்ள தகரப் பெட்டியை எறியாதீர்கள். குறைக்கும் நம் வீட்டில் இடமுண்டென ஒரு சொல் எழுதுங்கள், வருகிறேன்.

உங்கள் மவ்லூதா

தாஷ்கந்த், மார்ச் 10

என் மவ்லூதா,

ஒழுங்கே உயர்வென்று உலையடியில் முழங்கினேன். ஒரு கோணல் அணுவுக்கும் இடங்கொடேன் என்று மார்தட்டினேன். என் குப்பையே என்னை வென்றது. தோற்றவன் இத்துணை மகிழ்ந்ததை இவ்வூர் கண்டதில்லை; ரொட்டிக் கடைக்காரர்வரை சொல்லி முடித்தாயிற்று. தகரப் பெட்டி இப்போது அலமாரியின் மேல்தட்டில் வீற்றிருக்கிறது.

இன்று ஆற்றங்கரை சென்று சுமலக்குக் கல் பொறுக்கிக் கழுவி வைத்தேன். ஏழு கல், ஏழு அளவு.

வா, சேர்ந்து கிண்டுவோம்.

உன் ரவ்ஷன்