சப்பரத்தின் முன்தண்டு

என் தங்க அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்தில் சூசையப்பரே நின்றாலும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சமூகவியல் நோட்டின் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். முடித்ததும் உங்கள் கொத்தனார்ப் பையில், தூக்குக்குண்டுக்கு அடியில் ஒளித்துவிடுவேன். அந்தப் பையை யாரும் தொட அம்மா விடுவதில்லை.

இன்று உங்கள் ஏழாம் நாள் பூசை. கோயிலுக்குள் இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள். மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து தம்பானூரில் பஸ் இறங்கிய ஐந்து குடும்பம், ரயில் பாதைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் ஜெபமாலை சொன்னோம் என்பீர்களே! மழையில் ஓலை போய்த் தகரம் வந்தது. பிறகு ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் கூலியில்லாமல் கல் சுமந்து இந்தக் கோயில் எழும்பியது. அதனால் திருவிழாச் சப்பரத்தின் முன்தண்டைத் தோளில் சுமக்கும் உரிமை கல் சுமந்த வீட்டாருக்கு என்று வழக்கமானது. பின்னால் வந்தவர்கள்தான் இப்போது அதிகம். அவர்களுக்கும் ஆசை இருக்காதா அப்பா?

பிரான்சிஸ் மாமாவுக்கு இருந்தது. கோயில் கட்டி முடித்த பிறகு, அம்மாவின் தம்பி என்று நீங்கள்தானே ஊரிலிருந்து அழைத்துவந்து வேலை கற்றுக்கொடுத்தீர்கள்? திருவிழா அன்று தெருமுனையில் சப்பரம் திரும்பும்போது அவர் கூட்டாளிகளோடு வந்து முன்தண்டைப் பிடித்தார்.

"இந்த வருஷம் நாங்க எடுக்கோம் அத்தான். வழி விடுங்க."

"கல்லு சொமக்காத தோளு பப்படம் மாதிரி ஒடிஞ்சிரும்டே மச்சான். போயி பொண்ணுங்களோட மெழுகுதிரி பிடி" என்றீர்கள் நீங்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். மெழுகுதிரியோடு முன்வரிசையில் நின்ற நானும் சிரித்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

உடனே அடிதடி. யாரோ யாருடைய முகத்திலோ செங்கல்லால் இடித்தார்கள். மாமா முத்துக்குடையின் கம்பைப் பிடுங்கி உங்கள் பின்தலையில் அடித்தார். நீங்கள் கொத்துக் கரண்டியால் செங்கல்லை இரண்டாகத் தட்டும்போது கேட்குமே, அதே சத்தம். மறுபடியும் அடித்தார். மறுபடியும்.

கையைத் தூக்கித் தடுத்திருக்கலாமே! எடுத்த சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்வரை தரையில் படக்கூடாது என்று இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தபடியே நின்றீர்கள். இன்னொருவர் தோள் கொடுத்த பிறகுதான் சாய்ந்தீர்கள். உங்கள் ரத்தம் என் வெள்ளைக் கவுனில் சூடாகத் தெறித்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டீர்கள்.

கால் வழுக்கி விழுந்தார் என்கிறார்கள் எல்லோரும். கேஸ் என்று வந்தால் கோயிலைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்களாம். ஆனால் அடிபட்ட காயம் என்று டாக்டர் எழுதிவிட்டார். நாளைக் காலையில் எஸ்.ஐ. என்னிடம் கேட்க வருகிறார்.

துக்கத்துக்கு வந்த மாமா ஏழு நாளாக நம் வீட்டில்தான் படுக்கிறார். சாயங்காலம் என் தோளை இறுக்கிப் பிடித்தார். விரல் பட்ட இடமெல்லாம் இன்னும் வலிக்கிறது.

"மக்ளே, அப்பா வழுக்கி விழுந்தாருன்னு பறஞ்சா மதி, அது போதும். ஒங்க அப்பன் கட்டுன கோயில நீயே பூட்டுவியா?"

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். குழம்பைத் தட்டுக்கு வெளியே தரையில் ஊற்றினாள். அம்மாவுக்குத் தெரியுமா அப்பா?

கோயிலைப் பூட்டினால் என்மேல் கோபப்படுவீர்களா? ஓலைக் கொட்டகையில் தொடங்கியதுதானே? மறுபடி ஓலை கட்டி, வேறு யாரும் வராவிட்டாலும், நான் ஒருத்தியாக ஜெபமாலை சொல்கிறேன்.

பயமாக இருக்கிறது அப்பா. ஆனாலும் நீங்கள் தண்டை விடவில்லை. நாளை நான் பார்த்ததை எல்லாம் சொல்வேன். நான் சிரித்ததையும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"மக்ளே, வெளக்கு எரியுதே. ஒறங்கலியா?"

மாமா.

உங்கள் மகள்
ஜெசி