இனிப்பு அளவா இருந்திச்சு

12 அக்டோபர் 2025, ஞாயிறு

ஓவன் வந்துவிட்டது. தள்ளுபடியில்தான் வாங்கினேன், ஆனாலும் வீட்டில் விசாரணைக் கமிஷன் நடக்கிறது. என் வீட்டுக்காரர் பெரியதம்பி கண்டக்டர். அதைச் சுற்றிச் சுற்றி வந்து, லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்கிற மாதிரியே பார்த்தார்.

"இதுல இட்லி வேவுமா?"

வேகாது என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு?"

முதல் கேக் ஓரமெல்லாம் கருகி, நடுவில் குழி விழுந்துவிட்டது. சுவாதி அந்தக் குழியில் ஜாம் ஊற்றித் தின்றாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இருக்கிற பெருந்தன்மை அவள் அப்பாவுக்கு இல்லை.

20 அக்டோபர், தீபாவளி

விடிந்ததும் கீழ்வீட்டுத் தட்டு வந்தது. ரவா லாடு, முறுக்கு, மேலே பேப்பர் மூடி. வீட்டுக்காரம்மா பத்மினி அக்காவின் கைமுறுக்கு ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி இருக்கும். அதில் குறை கண்டுபிடிக்க நானும் வருஷா வருஷம் முயற்சி செய்துதான் பார்க்கிறேன்.

வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. இந்த மாடிக்குக் குடிவந்ததிலிருந்து வாழைப்பழம் வைத்தே திருப்பிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் ஓவன் இருக்கிறதே! அவர்கள் ஜெயினர்கள், முட்டை ஆகாது. தயிர் ஊற்றி, புது டின் வாங்கி, அதில் கேக் சுட்டேன். பாதியைத் தட்டில் வைத்தேன், மீதி எங்களுக்கு.

பெரியதம்பி பார்த்துவிட்டு, "பழமே வெச்சிடேன்" என்றார்.

"ஏன்?"

"சும்மா சொன்னன்."

அவர் சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை. இருந்தாலும் தட்டைக் கீழே கொடுத்துவிட்டு, அவர் அம்மா வீட்டுக்கு அனந்தபுரம் போய் வந்தோம்.

21 அக்டோபர்

காலையில் மோட்டார் போட இறங்கினேன். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார்.

"கேக்கு ரொம்ப நல்லா இருந்திச்சு தமிழினி. இனிப்பும் அளவா இருந்திச்சு."

வாயெல்லாம் பல்லாக மாடியேறினேன். சுவாதி எங்கள் பங்கில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, சக்கர போட்டியா?"

போடவில்லை. அளந்து வைத்த சர்க்கரை, மிக்சிக்குப் பின்னால் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறது.

இனிப்பு அளவா இருந்திச்சாம். இல்லாத இனிப்பு வேறு எப்படி இருக்கும்?

22 அக்டோபர்

தின்னாததற்குக் காரணம் முட்டையா, நானா?

26 அக்டோபர், ஞாயிறு

இதையே நினைத்து மூன்று நாளாக ஆபீசில் கூட்டல் தப்புகிறது. மின்வாரியத்துக் கணக்குக்கு என் மனக்குறை தெரியுமா?

நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். குடிவந்த அன்றைக்கு, "அனந்தபுரத்துல எங்க?" என்று பத்மினி அக்கா கேட்டார். பெரியதம்பி தெருவைச் சொன்னார். அக்காவின் முகத்தில் ஒரு நொடி கரண்ட் போய் வந்தது. அப்புறம் சாவியைக் கொடுத்தார். "உங்களுக்கு அங்க வீடு குடுத்ததே பெரிசு" என்று ஆபீசில் சொன்னார்கள். பெரிசாம்! நாங்கள் என்ன ஓசியிலா இருக்கிறோம்?

ஆனால் இந்தக் கோடையில் சுவாதி காய்ச்சலில் மயங்கி விழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் வேலையில். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியது அதே அக்காதான். சுவாதி அவர் புடவையெல்லாம் வாந்தி எடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் பெண்ணைத் தூக்கின கை என் கேக்கைத் தொடாதா? திட்டித் தீர்க்கலாம் என்றால் அந்த ஆட்டோ வந்து குறுக்கே நிற்கிறது. கெட்டவராகவே இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

2 நவம்பர்

கேரட் கேக். முட்டை இல்லை, சர்க்கரை உண்டு, இரண்டு முறை நக்கிப் பார்த்தேன். நானே கொண்டுபோய் நீட்டினேன்.

"அய்யோ, கேரட்டா? மண்ணுக்கடியில வெளையறத நாங்க தொடறதில்லியேம்மா."

நிஜம்தான். உருளைக்கிழங்குகூட அந்த வீட்டு வாசல் மிதித்ததில்லை. கோபப்படக்கூட இடம் கொடுக்காத நியாயம். திரும்ப எடுத்து வந்தேன். பெரியதம்பி மூன்று துண்டு தின்றுவிட்டு, "நீ சமைக்கிறியா, பரிட்சை எழுதுறியா?" என்றார்.

14 நவம்பர்

வாழைப்பழக் கேக். வாழை மரத்தில்தானே காய்க்கிறது? அதற்கு மேல் நான் எங்கே போவேன்?

ஆபீசிலிருந்து நாலு மணிக்கே வந்து ஓட்டமாகச் சுட்டு எடுத்துப் போனேன். பத்மினி அக்கா மேற்கே கையைக் காட்டினார். சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

"பொழுது போயிடுச்சேம்மா. இனிமே பச்சத்தண்ணிதான்."

இருட்டினபின் சாப்பிட மாட்டார்கள், தெரியும். ஆனால் இன்னும் எங்கே இருட்டியது? மலை மறைத்தால் பொழுது போனதாகிவிடுமா? கோட்டை கட்டின மகராசனே, உனக்கு வேறு மலையா கிடைக்கவில்லை!

"காலையில சாப்பிடறோம், வெச்சிட்டுப் போ" என்று சொல்வார் என நின்றேன். சொல்லவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

சுவாதி கேட்கிறாள்: "நாம எப்பம்மா ஜெயினா மாறனோம்?"

ஒரு மாதமாக இந்த வீட்டில் யாரும் முட்டைக் கேக் தின்னவில்லை. அவர்கள் தின்னாத கேக்கை அவர்கள் முறைப்படி சுட்டு நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

பெரியதம்பி சிரிக்கவில்லை. "அதான் பழம் வையின்னன். பழத்துக்குத் தோல் இருக்குது. உரிச்சிட்டா நம்ம கை பட்டது போயிடும்."

இதை இத்தனை வருஷம் தெரிந்துகொண்டேதான் பழம் வாங்கி வந்தாரா? எனக்கு வலித்தது. நல்லா வலிச்சுது. எவளுக்கு வேணும் அவங்க சர்டிபிகேட்டு? இனிமே தட்டு வந்தா கழுவிக் குடுப்பேன், அவ்ளோதான்.

23 நவம்பர்

நாலு முட்டை உடைத்து ஊற்றிக் கேக் சுட்டேன். பஞ்சு மாதிரி வந்தது. ருசிக்கவில்லை. இதற்கும் அந்த அம்மாவைத்தான் திட்ட வேண்டும்.

3 டிசம்பர், கார்த்திகை தீபம்

பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்தேன். தீபத்தன்று எங்கள் வீட்டிலும் முட்டை கிடையாது. அதனால் அதே தயிர்க் கேக், புது டின்னில். யாருக்காகவும் இல்லை. கடையில் வாங்கின பொரி மூட்டை கதவுக்குப் பின்னால், உருண்டை பிடிக்கக் காத்திருந்தது.

கேக்கை வெளியே எடுக்கும்போது படியில் சத்தம். பத்மினி அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். மேல்சித்தாமூர் ஜெயின் கோயிலுக்குப் போனவர், மழையில் பஸ் நின்று நின்று வந்திருக்கிறது. அவர் வீட்டுக்காரர் வெளியூர். கீழே அடுப்பே மூட்டவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை வேறு. மத்தியான மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை.

"தலய சுத்துதும்மா. பொரி கிரி இருக்குதா? கொஞ்சம் குடு."

பொரி! யார் கையும் படாத கடைப்பொரி. அதற்கும் தோல் இருக்கிறது. சுவாதி கதவுப் பக்கம் திரும்பினாள். நான் முறைத்த முறைப்பில் அங்கேயே நின்றாள்.

"இன்னும் வாங்கலக்கா" என்றேன். "கேக்குதான் இருக்குது."

தலை சுற்றுகிறவரிடம் பேரம் பேசினேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் இல்லை.

ஜன்னலைக் காட்டி, "பொழுது போயிடுச்சே?" என்றேன், வேண்டுமென்றே. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

அக்கா பார்த்தார். மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மலதான மறைக்குது? இன்னும் பொழுது இருக்குது. குடு."

நின்றபடியே இரண்டு துண்டு. ஆறக்கூட இல்லை, ஊதி ஊதித் தின்றார். தண்ணீர் கேட்டார். எங்கள் சொம்பில் கொடுத்தேன், குடித்தார். இறங்கிப் போனார். நல்லா இருந்திச்சு என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

அண்ணாமலை தீபம் ஏற்றினதை டிவியில் பார்த்துவிட்டுப் பொரி உருண்டை பிடித்தோம். பாகு முறிந்துவிட்டது. பசியில் இருந்தவர் கழுதையைக்கூடத் தின்றிருப்பார், இதில் எனக்கு என்ன ஜெயம்?

4 டிசம்பர்

மோட்டார் போடப் போனேன். பத்மினி அக்கா விடவில்லை, பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அது இன்னா கேக்கு? அடியெல்லாம் காந்திக் கெடக்குது. சக்கரையை அப்படியா கொட்டறது? சோடா மாவு வேற ஜாஸ்தி, ராத்திரியெல்லாம் ஏப்பம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நின்ற இடத்திலேயே சிரிப்பும் வந்தது. தின்றால்தானே குறை சொல்ல முடியும்!

"பசியில எது குடுத்தாலும் சாப்ட்டிருப்பீங்க, வேற வழியில்லாம" என்று சொல்லியே விட்டேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"ஏன் இல்ல? பொரி மூட்டதான் கதவுக்குப் பின்னால இருந்திச்சே. ஏறி வரும்போதே கதவிடுக்குல பாத்துட்டன்."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த தடவை சர்க்கரை கால் டம்ளர் குறைக்க வேண்டும்.