நின்ற தறியின் சத்தம்

சூரத்தில் இருக்கும் பாவாவுக்கு,

நேற்று திருத்தணி மலையடி மண்டபத்தில் நெசவாளர் கூட்டம். ஆட்டிசம் பிள்ளைகளையும் இன்சூரன்ஸில் சேர்க்க வேண்டும் என்றார் ஒரு கட்சிக்காரர். "நோய்க்குத்தாங்க இன்சூரன்ஸ். இது பொறவியிலயே வந்ததாச்சே" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

முதலில் பேசியவர் என்னிடம் மைக்கை நீட்டினார். "நோய்தான்னு நீயே சொல்லும்மா."

சொன்னால் நம் மகளின் பேச்சுப் பயிற்சிக்கு வழி பிறக்கலாம். ஆனால் நீங்கள் கிளம்பிய அன்று அவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. வாங்கிய மைக்கை மடியில் இறக்கினேன்.

அங்கே இருந்த நம் மகள் கண்மூடி முனகினாள். தடக்... தடக்... மைக் வழியே அது மழைபோல் மண்டபமெங்கும் பரவியது. நம் தெருக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "நம்ம தணிகாசலம் தறியாச்சே! இன்னும் ஓடிக்கினு இருக்குதா?"

நீங்கள் போனதிலிருந்து உங்கள் தறியில் யாரும் உட்காரவில்லை.

"ஆங், ஓடிக்கினுதாங்க இருக்குது" என்றேன், மைக்கிலேயே.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா